கணக்கை முடிக்காதீர்கள்; கையோடு கொண்டு போங்கள்!

வேலை மாறுகிற தொழிலாளி தன் பிராவிடண்ட் பண்டுப் பணத்தை என்ன செய்வது? கணக்கை முடித்துப் பணத்தை வாங்கிக்கொள்வதா, புதிய இடத்துக்குக் கணக்கை மாற்றிக்கொள்வதா? கோவை, திருப்பூர், திண்டுக்கல், இராஜபாளையம் என்று பஞ்சாலைகள் உள்ள ஊர்களிலெல்லாம் டீக்கடையில் அடிபடுகிற கேள்வி இது. பார்வைக்குச் சிறு விஷயம். ஆனால் ரிங் பிரேமுக்குப் பக்கத்தில் நிற்கக் கால் மறுக்கும் காலத்தில், அந்த வீட்டுக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருமா, வராதா என்பதை இந்தச் சிறு விஷயம்தான் தீர்மானிக்கிறது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முடிந்தவரை கணக்கை முடிக்காதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். பணத்தை எடுத்தே தீரவேண்டிய நெருக்கடி வந்தாலும் பென்ஷன் சர்வீஸை மட்டும் விற்காதீர்கள். அதே சமயம், வயிற்றுப்பாட்டுக்காகப் பி.எப். பணத்தை எடுத்த தொழிலாளியைப் பார்த்து ‘ஊதாரி’ என்று உபதேசம் செய்கிற கனவான்களோடு நமக்கு உடன்பாடில்லை. எடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று நாம் கேட்கத்தான் செய்வோம்.

இது யார் பணம்?

முதலாளி மனமிரங்கித் தரும் இனாம் இது என்று எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சுத்தத் தவறு.

1951 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 1952இல் பார்லிமெண்டில் சட்டமானது பிராவிடண்ட் பண்டு. ஆரம்பத்தில் அது ஆறு தொழில்களுக்குத்தான்: சிமெண்ட், சிகரெட், இஞ்சினீயரிங், இரும்பும் உருக்கும், காகிதம், ஜவுளி. அதிலும் 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும். 1960 கடைசியில்தான் இந்த எண்ணிக்கை 20 ஆகக் குறைந்தது. அன்று தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 6¼. அதாவது ரூபாய்க்கு ஓரணா! முதலாளியின் பங்கும் ரூபாய்க்கு ஓரணா. அந்தக் காலத்தில் குறைந்த சர்வீஸோடு வேலையை விட்டுப் போகிறவனுக்கு முதலாளி பங்கு முழுதாகக் கைக்கு வராது. ஒரு பகுதியைப் பண்டிலேயே பிடித்துக்கொள்வார்கள். அந்த அநியாயம் பின்னால் ஒழிந்தது. பங்கும் படிப்படியாக உயர்ந்து நூற்றுக்கு 12க்கு வந்தது.

முதலாளி போடும் 12 அவர் வீட்டுப் பெட்டியிலிருந்து வருவதா? இல்லை. ஆளை எடுக்கும்போதே, இந்த ஆளுக்கு இத்தனை செலவு என்று அதையும் கூலிக் கணக்கில்தான் எழுதுகிறார். ஆகவே தொழிலாளி போடுவது அவன் கூலி. முதலாளி போடுவதும் அவன் கூலிதான், இன்று கையில் கொடுக்காமல் நாளைக்கென்று நிறுத்திவைத்த கூலி. நம் பணம் என்ற உறுதி முதலில் வேண்டும். அந்த உறுதி இருந்தால்தான் அதை உடைப்பதா, காப்பதா என்று யோசிக்கத் தோன்றும்.

கணக்கைப் பார்ப்போம்

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் வாங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவன் சம்பளத்திலிருந்து மாதம் 1,440 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளியும் 1,440 கட்டுகிறார். ஆனால் முதலாளி கட்டுவது இரண்டாகப் பிரிகிறது. நூற்றுக்கு 8.33 வீதம் 1,000 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகிறது. மிச்சம் 440 பி.எப். கணக்கில் சேருகிறது. ஆக, மாதம் 1,880 ரூபாய் பி.எப். கணக்கில்; 1,000 ரூபாய் பென்ஷனுக்கு. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர் பலர் ஏமாறுவது இங்கேதான்.

முதலில் பி.எப். பணம். மூன்று வருஷத்தில் வட்டி சேர்ந்து 70,000 ரூபாய்க்கு மேல் ஆகும். வேலை மாறும்போது அதை எடுத்தால் கந்துவட்டிக்காரனுக்குப் பாதி, தங்கை கல்யாணத்துக்குப் பாதி என்று போய்விடும். எடுக்காமல் மாற்றினால் என்ன? 2023-24க்கும் 2024-25க்கும் கொடுத்த வட்டி நூற்றுக்கு 8.25. அதே வட்டி நீடித்தால் போட்ட பணம் ஏறத்தாழ ஒன்பது வருஷத்தில் இரட்டிக்கும், பதினெட்டு வருஷத்தில் நான்கு மடங்காகும். இன்றைய 70,000 அன்று 2,80,000க்கு மேல்! ஐந்து வருஷ சர்வீஸ் நிரம்பும் முன் எடுக்கும் தொகை 50,000 ரூபாயை எட்டினால் வருமான வரிப் பிடித்தமும் குறுக்கே வரும். மாற்றிக்கொண்டால் பழைய மில் சர்வீஸும் அந்த ஐந்து வருஷத்தில் சேர்ந்துவிடும்.

பி.எப். பணத்தைவிடப் பெரிய நஷ்டம் பென்ஷனில் இருக்கிறது. 1995 நவம்பர் 16 முதல் நடக்கிற பென்ஷன் திட்டத்தில் ஒரு ஷரத்து உண்டு: மாதப் பென்ஷன் வேண்டுமானால் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும். ஒரே இடத்தில் பத்து வருஷம் வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை. பல இடங்களில் செய்த சர்வீஸைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் இடையில் எடுத்துவிட்ட சர்வீஸ் செத்த சர்வீஸ். அதைத் திரும்பக் கூட்ட முடியாது.

ஒருவர் முதல் மில்லில் 4 வருஷம், இரண்டாவதில் 3, மூன்றாவதில் 5, நான்காவதில் 2 என்று மொத்தம் 14 வருஷம் உழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மில்லை விட்டபோதும் பி.எப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது என்ன? ஒரு வருஷ சர்வீஸுக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம், அவ்வளவுதான். 58 வயதில் அவர் பென்ஷன் பூஜ்யம். அதே 14 வருஷத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்திருந்தால்? சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 12,000 ரூபாய்ச் சம்பளமானால் மாதம் 2,400 ரூபாய், ஆயுள் முழுவதும். அவருக்குப் பின் அவர் மனைவிக்கும் குடும்பப் பென்ஷன் உண்டு.

2,400 ரூபாய் ஒரு தொகையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விலைவாசி ஏறினாலும் ஏறாத பென்ஷன் அது. போதாது என்று நாமும் சொல்கிறோம். ஆனால் போதாத பென்ஷனை உயர்த்தச் சொல்லிப் போராடலாம். இல்லாத பென்ஷனை எப்படி உயர்த்துவது? கையில் பிடித்த கயிறு இருந்தால்தானே இழுக்க முடியும்?

ஏன் எடுக்கிறார்கள்?

இவ்வளவு லாபம் இருந்தும் தொழிலாளி ஏன் பணத்தை எடுக்கிறான்? சர்க்காரின் தொழிலாளர் இலாகாவே சொன்ன விவரம் ஒன்று. இறுதிக் கணக்கு முடிக்கும்போது பாதிப் பேர் கணக்கில் 20,000 ரூபாய்கூட இருப்பதில்லையாம். இதைச் சொல்லி, தொழிலாளிக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். வாங்கும் கூலி மாதக் கடைசிவரை வராதவனுக்குச் சேமிப்பைப் பற்றி யார் பாடம் நடத்துவது?

வேலை போன மறுநாளும் அடுப்பு எரிய வேண்டும். வாடகை கொடுக்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு நிற்காது. இந்த நாட்டில் வேலையில்லாக் காலத்துக்கு என்ன ஆதரவு இருக்கிறது? இ.எஸ்.ஐ.யில் 2018இல் ஒரு திட்டம் வந்தது: வாழ்நாளில் ஒரே முறை, அதிகம் போனால் 90 நாளுக்கு. அதற்கும் ஆயிரம் நிபந்தனை. ஆகவே தொழிலாளியின் உண்மையான வேலையில்லாக் கால நிவாரணம் அவன் பி.எப். கணக்குத்தான். முதுமைக்கு வைத்த அரிசியை இளமையிலேயே பொங்கித் தின்னும்படி அவனைத் தள்ளுகிறது இந்த ஏற்பாடு.

இன்னொரு காரணம், மில் நிர்வாகங்களின் தில்லுமுல்லு. ஒரே மில், ஒரே மிஷின், ஒரே ஷிப்டு. ஆனால் காண்ட்ராக்டர் மட்டும் வருஷத்துக்கு ஒருவர்! ஒவ்வொரு காண்ட்ராக்டரும் ஒரு புதிய கணக்கு எண் போடுகிறார். வேலைக்காரி நகரவே இல்லை, அவள் கணக்கு மட்டும் ஐந்தாறாக உடைந்து கிடக்கிறது. கல்யாணம் நிச்சயமாகி வேலையை விடும் பெண்ணிடம், ‘பணம் வருகிறது, கையெழுத்துப் போடு’ என்று எல்லாப் படிவத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பென்ஷன் சர்வீஸும் அதில் போய்விட்டது என்பது அவளுக்குத் தெரிவதில்லை. பயிற்சியாளர் என்று பெயர் சூட்டிப் பண்டிலேயே சேர்க்காமல் வேலை வாங்குகிற தந்திரமும் உண்டு. சம்பளத்தில் பிடித்துக்கொண்டு பண்டில் கட்டாமல் விழுங்குகிறவர்களும் உண்டு. இது வெறும் பாக்கி அல்ல, நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று கிரிமினல் சட்டமே சொல்கிறது.

இப்படி உடைந்தும் மறந்தும் போன கணக்குகளின் கதி என்ன? 2023-24 முடிவில் செயலற்றுக் கிடந்த கணக்குகள் 21 லட்சத்துக்கு மேல். அவற்றில் முடங்கிய தொகை 8,505 கோடி ரூபாய். இது பார்லிமெண்டில் சர்க்காரே சொன்ன கணக்கு. அத்தனையும் யாரோ ஒரு தொழிலாளியின் வியர்வை.

பூட்டுப் போடுவதா பரிகாரம்?

தொழிலாளி பணத்தை எடுத்துவிடுகிறான், ஆகவே எடுக்க முடியாமல் பூட்டிவிடுவோம் என்று சர்க்கார் யோசிக்கிறது. இது புதிதல்ல. 2016 பிப்ரவரி 10ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. வேலை போனாலும் தன் பங்கைத்தான் எடுக்கலாம்; முதலாளி பங்கை 58 வயதுக்கு முன் தொடக்கூடாது என்றது. என்ன நடந்தது? ஏப்ரல் 18ஆம் தேதி பெங்களூரில் ஆயத்த ஆடை ஆலைகளின் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தி ரோட்டுக்கு வந்தார்கள். ஓசூர் ரோடு ஸ்தம்பித்தது. தடியடியும் கண்ணீர்ப் புகையும் அவர்களைக் கலைத்துவிடவில்லை. மறுநாள் ஏப்ரல் 19ஆம் தேதி அந்த அறிவிப்பை வாபஸ் வாங்குவதாக மத்திய தொழிலாளர் மந்திரி அறிவித்தார். தையல் மிஷினில் குனிந்திருந்த பெண்கள் இரண்டே நாளில் டில்லியைப் பணியவைத்தார்கள்!

2025 அக்டோபர் 13ஆம் தேதி பண்டின் மத்திய டிரஸ்டிகள் போர்டு மறுபடியும் ஒரு முடிவெடுத்தது. பதின்மூன்று விதமாக இருந்த இடைக்கால எடுப்பு விதிகளை எளிதாக்குவதாகச் சொன்னார்கள். அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதோடு சேர்த்து நூற்றுக்கு 25 பாகம் கணக்கிலேயே நிற்க வேண்டும் என்றார்கள். வேலை போனவன் முழுக் கணக்கையும் முடிக்க இரண்டு மாதம் காத்திருந்தது போய்ப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பென்ஷன் பணத்தை எடுக்க இரண்டு மாதத்துக்குப் பதில் 36 மாதம் என்றார்கள்.

சேமிப்பு நிலைக்க வேண்டும், சர்வீஸ் உடையக்கூடாது என்ற நோக்கத்தை நாம் எதிர்க்கவில்லை. இந்தத் தலையங்கமே அதைத்தான் சொல்கிறது. நம் சண்டை முறையோடுதான். வேலையில்லாதவனுக்கு ஒரு பிடி அரிசி கொடுக்காமல், அவன் சொந்த மூட்டைக்குப் பூட்டுப் போடுவது சீர்திருத்தமா? முதலில் நிவாரணம் கொடு. பிறகு பூட்டைப் பற்றிப் பேசு! நிவாரணம் இருந்தால் பூட்டே தேவைப்படாது. எந்தத் தொழிலாளியும் தன் முதுமையை வேண்டுமென்றே விற்கமாட்டான்.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் திருந்தும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. வேலை மாறுகிற ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, 12 இலக்க யூ.ஏ.என். எண். 2014 முதல் வந்த இந்த எண் ஆளுக்கு ஒன்றுதான்; ஆயுளுக்கும் அதுவேதான். புதிய மில்லிலோ புதிய காண்ட்ராக்டரிடமோ சேரும்போது இந்த எண்ணைக் கேட்காவிட்டாலும் நீங்களே கொடுங்கள். இரண்டாவது எண் போட விடாதீர்கள்.

இரண்டாவது, பெயரும் பிறந்த தேதியும். ஆதாரில் ஒரு மாதிரி, மில் ஏட்டில் வேறு மாதிரி இருந்தால் மனு திரும்பி வரும். நம் ஊரில் இனிஷியல் முன்னும் பின்னுமாக மாறுவதும், அப்பா பெயர் பாதி விழுவதும் சகஜம். வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். வெளியே வந்தபின் டைம் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க நேரும்.

மூன்றாவது, விலகிய தேதி. பழைய மில் இதைப் பதிவு செய்யாவிட்டால் கணக்கு நகராது. முன்பெல்லாம் இதை வைத்தே பழிவாங்குவார்கள். 2020 ஜனவரி முதல், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனபின் அந்தத் தேதியைத் தொழிலாளியே ஆதார் மூலம் பதிவு செய்யலாம் என்று வழி பிறந்தது. 2025 ஜனவரியில், பல இனங்களில் கணக்கு மாற்றத்துக்கு முதலாளியின் ஒப்புதலும் தேவையில்லை என்றானது.

நான்காவது, படிவம். மாற்றுவதற்கு 13ஆம் படிவம். பி.எப். பணத்தை முடித்து எடுப்பதற்கு 19. பென்ஷனுக்கு 10-சி. இந்த 10-சியில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதில் பென்ஷன் பணத்தை எடுக்கவும் கேட்கலாம். எடுக்காமல் சர்வீஸைக் காக்கும் ‘ஸ்கீம் சர்ட்டிபிகேட்’ தரும்படியும் கேட்கலாம். கஷ்டகாலத்தில் பி.எப். பணத்தை எடுத்தே ஆகவேண்டுமானால் எடுங்கள். ஆனால் 10-சியில் சர்ட்டிபிகேட்டையே கேளுங்கள். அந்தக் காகிதம் பின்னால் சேரும் வேலையோடு உங்கள் பழைய வருஷங்களைக் கூட்டித்தரும். அதைச் சம்பளச் சீட்டு மாதிரி கசக்கிப் போடாமல் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஐந்தாவது, பாஸ்புத்தகம். மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். செல்போனில் பார்க்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். கணக்கு மாறும்போது பி.எப். தொகை புதிய கணக்கில் வந்து விழும். பென்ஷன் தொகை அப்படி விழாது. ‘பென்ஷன் பணம் காணோமே’ என்று பதற வேண்டாம். அதில் சர்வீஸ் காலம்தான் கூட்டப்படும்.

வயல்காட்டில் உள்ளவர்களுக்கு

இதெல்லாம் மில்காரர் விவகாரம், நமக்கென்ன என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள் எண்ணக்கூடாது. திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் ஷிப்டு பார்க்கிற பெண்பிள்ளைகளில் எத்தனையோ பேர் உங்கள் வீட்டுப் பிள்ளைகள். மூன்று வருஷம் மில்லில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் மகளிடம், ‘கணக்கு என்ன ஆயிற்று, எண் எங்கே’ என்று கேளுங்கள். கல்யாணத்துக்குப் பின் அவள் வேறு ஊரில் வேறு மில்லுக்குப் போகக்கூடும். அந்த மூன்று வருஷம் அன்று அவளுக்கு வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மலையில் தேயிலை பறிக்கிற தொழிலாளிக்குப் பிராவிடண்ட் பண்டு இருக்கிறது. வயலில் நாற்று நடுகிற தொழிலாளிக்கு இல்லை. இருவரும் மண்ணில்தான் குனிந்து நிமிர்கிறார்கள். ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை என்பது என்ன நியாயம்? அன்றாடம் ஆண்டை மாறுகிற கூலிக்கு எந்த முதலாளி பங்கு கட்டுவார் என்று கேட்பார்கள். ஆளுக்கு ஓர் எண், அந்த எண் எங்கே போனாலும் கூடவே வரும் என்று மில் தொழிலாளிக்குச் செய்ய முடிந்தால், உழவுத் தொழிலாளிக்கு ஏன் செய்ய முடியாது?

நமது கோரிக்கைகள்

1952ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தில், 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை 2025 நவம்பர் 21 அன்று அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். புதிய சட்டம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த எளிய காரியங்கள் முடியாதவை அல்ல:

1. வேலை மாறினால் தொழிலாளி மனுப் போடாமலே கணக்கும் சர்வீஸும் கூடவே மாற வேண்டும்.

2. காண்ட்ராக்டர் கட்டாத பாக்கிக்கு மில் முதலாளியே ஜவாப்தாரி. தொழிலாளர் கணக்கில் பணம் ஏறியதைக் காட்டாத காண்ட்ராக்டரின் பில்லை மில் பாஸ் செய்யக்கூடாது.

3. வேலையில்லாக் காலத்துக்கு உருப்படியான நிவாரணம் வேண்டும். அது வரும்வரை தொழிலாளியின் சொந்தப் பணத்துக்குப் பூட்டுக் கூடாது.

4. குறைந்தபட்சப் பென்ஷன் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்த 1,000 ரூபாய் எந்த மூலைக்குப் போதும்? விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்தி, பென்ஷனுக்கும் பஞ்சப்படி சேர்க்க வேண்டும்.

5. விவசாயத் தொழிலாளருக்கும் ஊர் மாறினாலும் அறுபடாத ஓய்வுகால நிதி வேண்டும்.

இவை தானாக வரா. 2016இல் பெங்களூர்ப் பெண்கள் கேட்டார்கள், கிடைத்தது. அதே சமயம் கையில் இருப்பதைக் காப்பதும் போராட்டத்தின் ஒரு பகுதிதான். இந்த வாரமே சங்க ஆபீஸில் ஒரு நாள் மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களின் பாஸ்புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை எண், எத்தனை வருஷம் உடைந்து கிடக்கிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள்.

மில் மாறலாம், மேஸ்திரி மாறலாம், ஊரும் மாறலாம். உழைத்த வருஷங்கள் நம்முடையவை. அவற்றை எந்த வாசலிலும் விட்டுவிட்டு வராதீர்கள்!